உப்பில்லாச் சோறு

காலையில் ஒரு முகம், பின்னேரம் இன்னொரு முகம் என்று எனக்கு ஆகத் தொடங்கியது அறுபதுகளின் நடுவில், நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில். விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் கண் இரண்டும் வீங்கி, இரவெல்லாம் அழுதவள் மாதிரி இருக்கும். நான் அழுததே இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது வீக்கம் முகத்தை விட்டுக் காலுக்கு இறங்கிவிடும். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடக்கும். அம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றி எரித்தார். அக்கா நித்திரை போதாது என்றாள். என்னுடைய முகத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. கோபம் வந்தாலும் வீக்கம் வற்றவில்லை.

நாங்கள் பட்டணத்துக்குக் கடல் தாண்டிப் போகிற தீவுப் பக்கம், நாரந்தனையில் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அவளும் அத்தானும் பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாவும் நானும் அதிலேயே குடியிருந்தோம். பக்கத்து ஊரான சரவணையில் என் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, தன் ஒரே மகனோடு இருந்தார். அந்த வீட்டில் பெண்பிள்ளை இல்லாததால் அந்த மச்சானைக் கலியாணம் முடித்து நான் அங்கே போவதென்று பேச்சாகியிருந்தது. மச்சான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். ஒழுங்கையில் யாராவது முன்னால் நடந்து போனால் சைக்கிள் மணியை அடிக்க மாட்டார். அந்த ஆள் தானாக விலகும் வரைக்கும் பின்னால் மெல்ல மெல்ல வருவார். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. எதற்குச் சுற்றி வளைப்பான், மனிதரையே பிடித்திருந்தது.

வீக்கம் முழங்கால் வரைக்கும் ஏறியபோது அத்தான் என்னையும் அம்மாவையும் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டொக்டர் கண்ணாடி போட்ட, கொழும்பில் கனகாலம் இருந்து வந்த மனிதர். என் சலத்தை, அதாவது சிறுநீரை, கண்ணாடிக் குழாயில் விட்டு, என் கண் முன்னாலேயே நெருப்பில் பிடித்தார். மேல்பாதி வெளுத்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் திரண்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"பாத்தீரோ பிள்ளை? இது புரதம். இரத்தத்திலை நிக்கவேண்டிய சாமான். சிறுநீரகம் ஒரு அரிதட்டு எண்டு வையும். உம்முடைய அரிதட்டிலை கண் பெருத்துப் போச்சு, மாவோடை சேர்ந்து தவிடும் விழுகுது."

"மாறுமோ டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"மாறும். உப்பை அடியோடை விடவேணும். உப்புத்தான் அந்தக் கண்ணைப் பெருப்பிக்கிறது. புரதம் நிக்காமல் கலியாணம், பிள்ளைப்பேறு எண்டு ஒண்டும் யோசிக்கப்படாது. பிள்ளை வயித்திலை வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

இப்போதெல்லாம் இதை இன்னும் விரிவாகச் சொல்கிறார்கள். உப்புக் கூடினால் சிறுநீரகம் வேண்டாத சில புரதங்களைத் தானே உள்ளுக்குள் உண்டாக்குமாம். அவை படிந்து படிந்து தழும்பாக இறுகுமாம். ஒருபக்கம் நல்ல புரதம் ஒழுகிக்கொண்டிருக்க, மறுபக்கம் கெட்டது வளருமாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அரிதட்டு மட்டும்தான். பயப்பட அதுவே போதுமாக இருந்தது.

மாமிக்கு விஷயம் போனது. மாமி கெட்ட மனுசி இல்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தினை மாசமெண்டாலும் இருப்பம். வாயைக் கட்டினால் சரிதானே?" என்றார். மச்சான் வாசலில் நின்று, "ஓம், அவசரமில்லை" என்றார். ஆகவே என்னுடைய கலியாணம் என்னுடைய நாக்கில் வந்து நின்றது. கட்டிக் காட்டுகிறேன் என்று நானும் இறங்கினேன்.

குசினி மூலையில் எனக்குத் தனி அடுப்பு; அம்மா அதில் சமைத்துத் தருவார். ஒரு சின்னச் சோற்றுப் பானை, ஒரு கறிச்சட்டி. கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, மோர்மிளகாய் இல்லை, மாவில் உப்புச் சேர்வதால் பாண் ரொட்டி கூட இல்லை. தேசிக்காய்ப் புளியும் மிளகும்தான் மிச்சம். உப்புச் சாடி இருந்த தட்டுப் பக்கம் நான் போகவே மாட்டேன். கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் ஆறு நாளில் தப்பிவிடுவார்கள்; எனக்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை.

அக்காவின் பிள்ளைகளுக்குச் சோறு குழைத்துக் கவளம் உருட்டிக் கொடுக்கிறது என் வழக்கம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து சோற்றுக் கோப்பையோடு இருந்தால், இரண்டு பேரும் வந்து பக்கத்தில் குந்திவிடுவார்கள். புதுச் சாப்பாடு தொடங்கிய அன்று பெரியவனுக்கு ஒரு கவளம் நீட்டினேன். உப்பில்லாத கத்தரிக்காய்க் கறி குழைத்தது. அதை வாயில் வைத்து விழுங்காமல், என் மனம் நோகக்கூடாதென்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், பாவம். பிறகு வாழையடிக்குப் போய்த் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அடுத்த நாள் இரண்டு பேரும் வரவில்லை. அதன் பிறகு நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

கலியாண வீடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. போய்ச் சாப்பிடாமல் எழும்பினால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். சாப்பிட்டால் எனக்குச் சலம் வெளுக்கும். போகாமலே விட்டேன். கொஞ்ச நாளில் அவர்களும் சொல்லாமலே விட்டார்கள். ஊரெல்லாம் பந்தியில் இருக்கிற நேரம் நான் வீட்டில் என் சின்னப் பானைக்கு முன்னால் இருப்பேன். அந்த நேரங்களில் நாக்கை விட மனம்தான் உப்புக் கேட்டது.

ஒரு பெருமை மட்டும் எனக்கு இருந்தது, ஒளிப்பானேன். அயலட்டைப் பெண்கள், "அடி ஆத்தை, உப்பில்லாமல் எப்பிடித்தான் தொண்டைக்குள்ளாலை இறங்குதோ!" என்பார்கள். "பழகினால் ஒண்டுமில்லை" என்று சும்மா சொல்லிவிட்டுப் போவேன். உண்மையிலேயே எனக்கு அது அவ்வளவு கடினமாக இல்லை. கறி சப்பென்று இருந்தாலும் சோறு இறங்கியது. என்னுடைய மனவலிமை என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் விசர், பைத்தியம் என்கிறது.

மாதம் ஒருமுறை அம்மாவோடு பஸ் ஏறிப் பண்ணைக் கடலைத் தாண்டிப் போய்க் குழாயைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வெளுத்தது. மாரியில் கொஞ்சம் குறைந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பங்குனி சித்திரையில் திரும்ப வெளுத்தது, முந்தியதிலும் மோசமாக. டொக்டர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"உப்புப் போடேல்லைத்தானே?"

"இல்லை டொக்டர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

யோசிக்க என்ன இருக்கிறது? போடவில்லை என்றால் போடவில்லை. ஆனால் அவர் கேட்டவிதத்தில் அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் உப்புச் சாடி தட்டில் இல்லை. அம்மா அதை அக்காவின் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே பெரிய சண்டை நடந்திருக்கும்.

கடைசியில் டொக்டர் என்னை ஆஸ்பத்திரி வாட்டிலேயே மறித்து வைத்தார். முதல் நாள் மத்தியானம் உப்பில்லாச் சாப்பாடு என்று ஒரு தட்டு வந்தது. சோற்றை வாயில் வைத்தேன். விழுங்க ஏலவில்லை. சாம்பலைத் தின்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு காலம் உப்பில்லாமல் சாப்பிட்டவளுக்கு இது என்ன புதுக் கூத்து என்று எனக்கே விளங்கவில்லை. வருத்தம் முற்றி நாக்கும் செத்துவிட்டது என்று நினைத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மனுசி, "என்ன பிள்ளை, வீட்டு நினைப்போ?" என்று கேட்டது. ஓம் என்று சொன்னேன்.

ஒரு கிழமை, ஏழு நாள், போனது. கால் வற்றியது. இன்னும் கொஞ்ச நாளில் என் முகம் காலையிலும் பின்னேரத்திலும் ஒன்றாகவே இருந்தது. டொக்டர் குழாயைச் சூடாக்கினார். மெல்லிய புகார், பனிமூட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த கிழமை அதுவும் இல்லை. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. நான் சந்தோசத்தில் சிரித்தேன். டொக்டரோ சிரிக்கவில்லை.

"அம்மா, இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட்டார். "இஞ்சையும் உப்பில்லை, வீட்டிலையும் உப்பில்லை எண்டால், வீட்டிலை மாறாதது இஞ்சை என்னெண்டு மாறினது? உங்கடை பிள்ளை களவாய் உப்புத் தின்னுறா. இஞ்சை காவலிருக்கு, ஏலேல்லை. அவ்வளவுதான்."

"ஐயோ, நான் தின்னேல்லை!" என்று நான் கத்தியது வாட்டு முழுக்கக் கேட்டிருக்கும். தாதி ஓடி வந்தாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "என்ரை பிள்ளை என்னை ஏமாத்திப் போட்டாள் ஐயா" என்றார். பஸ்ஸில் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் இருந்தோம். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்ற தாயே நம்பாவிட்டால் இனி ஆரிடம் போய் அழுவது?

அம்மா கதையைச் சரவணைக்கும் சொல்லியனுப்பினார், மறைக்கக்கூடாது என்று. மாமியின் மறுமொழி அன்றைக்கே அத்தானோடு வந்தது. "எங்கடை பிள்ளைதானே. வாய் கட்டத் தெரியேல்லை, பரவாயில்லை. இஞ்சை வரட்டும், நான் உப்புச் சாடியை இடுப்பிலை முடிஞ்சு வைச்சிருப்பன். சலம் சரிவந்திட்டுதெண்டால் ஆவணியிலை கலியாணத்துக்கு நாள் பாப்பம்." வீட்டில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கள்ளி என்று பெயர் வைத்து, பிறகு மன்னித்து, பிறகு தாலி கட்டுவதாம். ஆனாலும் ஆவணி என்ற சொல் காதில் கிடந்தது. பொய் சொல்ல மாட்டேன், அது இனித்தது.

அன்றைக்கு மத்தியானம் அக்கா என் பானையில் சோறு ஆக்கி வைத்திருந்தாள். கறி எடுக்க முதல் பசியில் ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டேன். சுள்ளென்று கரித்தது.

"ஆர் இதுக்கை உப்புப் போட்டது?"

அக்கா திகைத்துப் போனாள். "சோத்துக்கு நாங்கள் எப்பவடி உப்புப் போட்டனாங்கள்? விசர்க் கதை கதையாதை."

அம்மா வந்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார். "வழமையான சோறுதானே. ஒரு உப்புமில்லை." அத்தான் பார்த்தார், பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருவருக்கும் கரிக்கவில்லை. பழியை எங்கள் தலையில் போடப் பார்க்கிறாள் என்று அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் என் ஒருத்தியின் நாக்கு மட்டும் ஒரு பக்கம், மற்ற எல்லா நாக்கும் மறுபக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்குத் தண்ணீர் இரண்டு. ஒன்று நல்ல தண்ணீர்: கோயிலடிக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வருவது, குடிக்கவும் தேத்தண்ணி வைக்கவும் மட்டும். கோடையில் அது ஊறி வருவதற்குள் பொம்பிளைகளுக்குள் குடுமிச் சண்டை வந்துவிடும். மற்றது வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீர்: குளிக்க, கழுவ, சமைக்க. அதை உவர் என்போம். உவர் என்றால் எங்களுக்கு ஒரு மாதிரித் தண்ணீர், அவ்வளவுதான். உப்பு என்றால் சாடிக்குள் இருக்கிற வெள்ளைக் கல். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்கு ஒரு தேவையும் வந்ததில்லை. பட்டணத்து வாட்டில் நல்ல தண்ணீரில் ஆக்கிய சோற்றைக் கொஞ்ச நாள் தின்றுவந்த நாக்குத்தான் அதைக் கண்டுபிடித்தது.

நான் அடுப்பை மூட்டினேன். என் பானையைக் கழுவி, வளவுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரை விட்டு அடுப்பில் வைத்தேன். வற்ற வற்றத் திரும்பத் திரும்ப ஊற்றினேன். பின்னேரமாகும் வரைக்கும் அடுப்பை விட்டு நான் எழும்பவில்லை. அக்கா வந்து எட்டிப் பார்த்து, "இவளுக்கு மூளை தட்டிப் போட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசித் தண்ணீரும் வற்றியபோது பானையின் அடியில் வெள்ளையாக ஒரு படை பொருக்கு விட்டிருந்தது. அதைச் சுரண்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"நக்கிப் பாருங்கோ."

அம்மா நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு, "இவ்வளவு நாளும் நான்தானே உனக்கு இதை அவிச்சுத் தந்தனான்" என்று சொல்லிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அது நல்ல அழுகை. நான் கள்ளியில்லை என்று ஒருத்திக்காவது தெரிந்துவிட்டது.

அந்தப் பொருக்கைக் காகிதத்தில் மடித்து, ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரோடு டொக்டரிடம் கொண்டு போனேன். விரல் நுனியால் தொட்டு ருசி பார்த்தார்.

"சமைக்கிறதுக்கு வேறை தண்ணியோ எடுக்கிறனீங்கள்?"

"நல்ல தண்ணியிலை ஆர் டொக்டர் சோறு ஆக்குவினம்?"

"நீர் எனக்கு இதைச் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மைக் களவெண்டு சொன்னது பிழை பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். நல்ல மனிதர். மாரியில் குறைந்து கோடையில் கூடியது ஏனென்று தனக்கு இப்போதுதான் விளங்குகிறது என்றார். மழையில் கிணறு உவர் குறைந்து, வெயிலில் திரும்பக் கரித்திருக்கிறது. பிறகு கட்டளையாகச் சொன்னார்: சாகும் வரைக்கும் நல்ல தண்ணீரில் மட்டும்தான் சமைக்க வேண்டும், குடம், பாரம் ஒன்றும் நான் தூக்கக் கூடாது.

நான் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். சரவணைக்கு ஆள் அனுப்பச் சொல்லி அத்தானை அரித்தெடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியும் மச்சானும் வந்தார்கள். நான் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொருக்கைக் காட்டினேன். நான் களவெடுக்கவில்லை, எடுக்கவே இல்லை என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. மாமி தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, உனக்குச் சமைக்கவும் நல்ல தண்ணிதான் வேணும்?"

"ஓம் மாமி."

"நீ குடம் தூக்கப்படாது?"

"ஏலாதாம் மாமி."

"எனக்கு முழங்கால் இந்தப் பாடு. எங்கடை வளவும் உவர்தான். நல்ல தண்ணிக் கிணறு எங்கை கிடக்குதெண்டு உனக்குத் தெரியும். குடிக்கக் கொண்டுவாற ஒரு குடத்துக்கே அயலுக்குப் பல்லைக் காட்டுறன். ஆம்பிளைப்பிள்ளை போய்ப் பொம்பிளைகளுக்குள்ளை குடத்தோடை நிக்கிறதோ?" மாமி கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி மெல்லத்தான் சொன்னார். "பிள்ளை, ஆர் அள்ளுறது?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அள்ளுவன் என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். மாமி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பினார். "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மாமி அம்மாவோடு வாசல் படலையடியில் கதைத்துக்கொண்டு நிற்க, மச்சான் சைக்கிளை எடுக்க வேலிப் பக்கம் வந்தார். நான் பின்னால் போனேன். வெட்கமாவது ஒன்றாவது.

"உந்தக் கதையை நீர் அப்பிடியே விட்டிருக்கலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எந்தக் கதையை?"

"களவெடுத்துத் திண்டனீர் எண்ட கதையை. ஆவணியிலை முடிஞ்சிருக்கும்."

"விட்டிருந்தால் உங்கடை வீட்டுச் சோத்தைத் திண்டு செத்திருப்பன்."

அவர் சைக்கிளை வேலியிலிருந்து எடுத்தார். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. கள்ளி என்ற அந்தப் பழியைத்தான் இவ்வளவு நாளும் நான் தனியாக இருந்து சுமந்தேன்.

"நான் களவெடுத்ததெண்டு நீங்களும் நம்பினனீங்களோ?"

"ஓம், நம்பினனான்" என்றார். "நம்பித்தான் கட்ட இருந்தனான்."

மாமி கூப்பிட்டார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வெளியே போனார். நான் குசினிக்குள் வந்து, எனக்கு மட்டும் அளந்து அரிசியைக் கழுவினேன்.